முதுகெலும்பில்லாதவை: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முதுகெலும்பில்லாத விலங்குகளின் உடலமைப்பையும் வகைப்பாட்டையும் பற்றியவை. கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் உடற்குழி (குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையிலுள்ள குழி) இல்லாத தட்டைப்புழு, பொய்யுடற்குழி உள்ள உருளைப்புழு, மெய்யுடற்குழி உள்ள மண்புழு என்று வரிசையாக வருகிறது. ஒன்றிலிருந்து அடுத்தது தோன்றியது என்று எடுத்துக்கொள்ளலாமா?
பிளஸ் ஒன் மாணவி, தேனி

கூடாது. அந்த வரிசை உடலமைப்பை ஒப்பிடுவதற்கு வசதியானது. தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உறவுமுறை என்று பார்த்தால் அது படிக்கட்டு அல்ல.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் மண்புழுவையும் பூச்சியையும் ஒரே பெரும்பிரிவில் வைத்தார். இரண்டின் உடலும் கண்டம் கண்டமாக இருப்பதுதான் காரணம். அந்தக் கருத்து ஏறக்குறைய 180 ஆண்டுகள் நிலைத்தது. 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் 18எஸ் ஆர்என்ஏ மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தது. பூச்சிக்கு நெருங்கிய உறவு மண்புழு அல்ல, உருளைப்புழு என்று வந்தது. உருளைப்புழுவுக்குக் காலும் இல்லை, கண்டமும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: வளர வேண்டுமென்றால் மேலுறையை உரித்துப் போட்டாக வேண்டும். உருளைப்புழு தன் வாழ்நாளில் நான்கு முறை உரிக்கிறது. இறால், சிலந்தி, கரப்பான் எல்லாமே உரிப்பவை. இவை ஒரு கிளை.

மண்புழு, அட்டை, நத்தை, கணவாய், தட்டைப்புழு எல்லாம் இன்னொரு கிளை. கடலில் வாழும் வளைதசைப் புழுக்களின் (மண்புழுவின் உறவுகள்) இளவுயிரியும் பல கடல் நத்தைகளின் இளவுயிரியும் ஒரே சாயலில் இருக்கும். நடுவில் மயிர் போன்ற நுண்ணிய குறுயிழைகளால் வளையம் கட்டிய அந்தச் சிற்றுருவுக்கு ட்ரோக்கோஃபோர் என்று பெயர்.

மூன்றாவது கிளையில் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் இருக்கின்றன. நாமும் அதில்தான் இருக்கிறோம். கருவில் முதலில் தோன்றும் துளை இந்தக் கிளையில் மலத்துளையாகிறது, வாய் பிறகுதான் வருகிறது. ராமேஸ்வரம் அருகே குருசடைத் தீவின் மணலில் புதைந்து வாழும் பாலனோகிளாசஸ் வகைப் புழுவும் இந்தக் கிளையைச் சேர்ந்தது. பார்க்கப் புழுதான், ஆனால் தொண்டையில் மீனுக்கு இருப்பது போன்ற செவுள் பிளவுகள் இருக்கின்றன. அதனால்தான் விலங்கியல் மாணவர்கள் பல தலைமுறைகளாக அதைத் தேடி அங்கே போகிறார்கள்.

கடற்பஞ்சும் ஜெல்லி மீனும் இந்த மூன்று கிளைகளும் பிரிவதற்கு முன்பே தனியே போனவை. இந்த நான்கு செய்திகளை மனதில் வைத்துக்கொண்டால் புத்தகத்தின் பட்டியல் குழப்பாது.

கேள்வி: அப்படியானால் ‘முதுகெலும்பில்லாதவை’ என்பதே ஒரு தொகுதி இல்லையா?
வாசகர், கும்பகோணம்

இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தபோது, பூச்சி, சிலந்தி, நண்டு போன்றவை தவிர்த்த முதுகெலும்பில்லாதவற்றை எல்லாம் ‘புழுக்கள்’ என்று ஒரே வகுப்பில் தள்ளிவிட்டார். கணவாயும் புழு, நட்சத்திர மீனும் புழு. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் பெரும்பங்கு பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க்குடையது. முதுகெலும்பில்லா விலங்குகளின் அமைப்பைப் பற்றிய அவருடைய நூல் 1801-இல் வந்தது.

எண்ணிக்கையைப் பார்த்தால் பெயரின் பொருத்தமின்மை இன்னும் தெளிவாகும். பெயரிடப்பட்ட முதுகெலும்புள்ள இனங்கள் சுமார் 70 ஆயிரம். பூச்சிகள் மட்டுமே சுமார் 10 லட்சம். அதில் வண்டுகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். விலங்குலகின் ஒரு சிறு கிளையில் இருக்கும் உறுப்பை வைத்து, மீதி அனைத்துக்கும் ‘அது இல்லாதவை’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கேள்வி: ஓடே இல்லாத கணவாயை எப்படி நத்தையோடு சேர்க்கிறார்கள்? வீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?
இல்லத்தரசி, நாகப்பட்டினம்

உண்டு. உங்கள் ஊரில் இது மிகச் சுலபம். சுத்தம் செய்யாத ஊசிக் கணவாய் ஒன்று, உடல் மட்டும் ஒரு சாண் நீளம் இருந்தால் போதும், அன்று பிடித்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஐஸில் பல நாள் கிடந்ததில் உள்ளுறுப்புகள் குழைந்துவிடும், எதையும் அடையாளம் காண முடியாது. ஒரு தட்டு, சிறிய கத்தரிக்கோல், கொஞ்சம் தண்ணீர் போதும்.

முதலில் எது வயிறு, எது முதுகு என்று பாருங்கள். தலைக்குக் கீழே குட்டையான குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் வயிறு. அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி மல்லாத்துங்கள். குழாயிலிருந்து வால் நுனி வரை நடுக்கோட்டில் வெட்டுங்கள். கத்தரிக்கோலின் நுனி எப்போதும் மேல்நோக்கித் தூக்கியபடி இருக்கட்டும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் மைப்பை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆழமாகக் குத்தினால் தட்டு முழுக்கக் கறுத்துவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. பையை விரலால் பிடித்து இழுக்காமல், அதன் மெல்லிய குழாயோடு சேர்த்து வெட்டி எடுத்துத் தனியே வையுங்கள்.

நீங்கள் வெட்டிய தடித்த தசைச்சுவர்தான் மேன்டில். நத்தையில் ஓட்டைச் சுரக்கும் அதே போர்வை. உள்ளே இரண்டு பக்கமும் இறகு வடிவில் ஒவ்வொரு செவுள். ஒவ்வொரு செவுளின் அடியிலும் ஒரு சிறு வெளிர் உருண்டை தெரியும். அது செவுளுக்கு மட்டும் இரத்தம் தள்ளும் இதயம். இரண்டுக்கும் நடுவே உடலுக்கு இரத்தம் தரும் இதயம் ஒன்று. ஆக மூன்று. பெண் கணவாயாக இருந்தால் நீளமான இரண்டு வெள்ளைச் சுரப்பிகள் இவற்றை மூடியிருக்கும். பலர் அதைச் சினை என்று நினைப்பார்கள். முட்டைக்கு உறை தரும் சுரப்பி அது. மெதுவாக ஒதுக்கிவிட்டால் அடியில் இருப்பது தெரியும். சிவந்த இரத்தத்தைத் தேட வேண்டாம். அதன் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. பிராணவாயு ஏறினால் வெளிர்நீலம், இல்லாவிட்டால் நிறமே இல்லை.

இப்போது ஓடு. உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு முதுகுப்பக்கம் உட்புறமாகத் தடவுங்கள். கண்ணாடித்தன்மையுள்ள மெல்லிய பட்டை ஒன்று நீளவாக்கில் இருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். நத்தைக்கு வெளியே இருந்த ஓடு இதற்கு உள்ளே போய்ச் சுருங்கிவிட்டது. ஓட்டுக் கணவாயில் இன்னும் தெளிவு: கரையில் ஒதுங்குகிறதே வெள்ளை நிறக் கணவாய் ஓடு, அது பல மெல்லிய அறைகள் கொண்டது. அறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்து அது மிதக்கிறது. பேய்க்கணவாயில் (ஆக்டோபஸ்) ஓடு பெரும்பாலும் மறைந்தே போய்விட்டது.

அடுத்து தலை. எட்டுக் கைகள், நீண்ட உணர்கரங்கள் இரண்டு. நத்தை ஊர்ந்துபோகும் பாதம்தான் இங்கே கைகளாகவும் அந்தக் குழாயாகவும் மாறியிருக்கிறது. கைகளின் நடுவில் அழுத்தினால் ஓர் உருண்டைத் தசை பிதுங்கும். அதில் கிளியின் மூக்கு வடிவத்தில் இரண்டு கறுத்த அலகுகள். அலகைப் பிரித்தால் உள்ளே அரை அங்குலம்கூட இல்லாத ஒரு நாடா. விரல் நுனியால் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் அரத்தைத் தொடுவது போல் சொரசொரக்கும். அதுதான் ராடுலா. பாசியைச் சுரண்டும் நத்தைக்கும் இதே நாடாதான் இருக்கிறது. நத்தையும் கணவாயும் அடங்கிய மெல்லுடலிகளைத் தவிர வேறு எந்தத் தொகுதியிலும் இது இல்லை. வேறு சான்று ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் இது ஒன்றே போதும்.

உணவுக்குழல் மூளையின் நடுவே புகுந்து போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரையை அலகால் பொடித்துத்தான் கணவாய் விழுங்குகிறது.

மைப்பை உடையாமல், ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்திருந்தால் மீதியைக் குழம்பு வைப்பதில் தடையில்லை.

கேள்வி: கடையில் வாங்கிய வலம்புரிச் சங்கு உண்மையானதா என்று எப்படிச் சோதிப்பது? காதில் வைத்தால் ஓம் என்று ஒலிக்கிறது.
வாசகர், காரைக்குடி

ஒலி சோதனையே அல்ல. குடைவுள்ள எந்த ஓடும் சுற்றுப்புறச் சத்தத்தை வாங்கி அப்படித்தான் ஒலிக்கும்.

மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்கு டர்பினெல்லா பைரம் என்ற இனம். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். வலம்புரியில் இடக்கைப் பக்கம். இது தனி இனம் அல்ல, அதே இனத்தில் மிக அரிதாகத் தோன்றும் எதிர்த்திருப்பம். ஓடு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் இதயமும் குடலும்கூடக் கண்ணாடிப் பிம்பமாக மாறியிருக்கும். கரு நான்கு செல்லிலிருந்து எட்டுச் செல்லாகப் பிரியும்போதே திசை முடிவாகிவிடுகிறது. குளத்து நத்தைகளில் செய்த ஆய்வுகளிலிருந்து, இதைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு என்று 1923-லேயே அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் விளக்கினார்.

கடைகளில் வலம்புரி என்று விற்பவற்றில் பல, அமெரிக்காவின் ஃபுளோரிடா, மெக்ஸிகோ வளைகுடாக் கரைகளில் கிடைக்கும் வேறொரு கடல் நத்தையின் ஓடுகள். அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே இயல்பாக இடப்பக்கம்தான் திறக்கும், ஆகவே அரிதே அல்ல. வேறுபடுத்த ஒரே நம்பகமான இடம் நடுத்தண்டு. டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள், அல்லது சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரப்பு வரப்பாக ஏறியிருக்கும். அமெரிக்க ஓட்டில் அந்த வரப்புகள் இருக்காது. ஓடும் மெல்லியது, எடை குறைவு. வெளியே உள்ள பழுப்புக் கோடுகளை மெருகு போடும்போது தேய்த்துவிடுவதால் நிறத்தை நம்ப முடியாது.

ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் எந்தச் சங்கும் வலம்புரிதான்.

கேள்வி: மரவட்டைக்கும் பூரானுக்கும் கால் எண்ணிக்கையில்தான் வித்தியாசமா?
8-ஆம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

எண்ணிக்கையை விட, ஒரு கண்டத்துக்கு எத்தனை என்பதுதான் முக்கியம். பூரானுக்குக் கண்டத்துக்கு ஒரு ஜோடி. மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடி, ஏனென்றால் ஒவ்வொன்றும் இரண்டு கண்டங்கள் ஒட்டி உண்டானது. தலையை அடுத்த முதல் வளையத்தில் கால் கிடையாது, அடுத்த மூன்றில் ஒவ்வொரு ஜோடிதான். ஆகவே எண்ணும்போது உடலின் நடுவில் பாருங்கள்.

வளர்ந்த பூரானின் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படைதான்: 15, 21, 23 என்று 191 வரை போகும். அதனால் சரியாக நூறு கால் உள்ள பூரான் கிடையாது. மரவட்டையில் 2021-இல் ஆஸ்திரேலியாவில் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு 1306 கால்கள். தரைக்கு 60 மீட்டர் ஆழத்தில், சுரங்கத் தேடலுக்காகத் துளைத்த குழியில் கிடைத்தது.

பூரானின் முதல் ஜோடிக் கால்கள் நச்சுக் கொக்கிகளாக மாறியிருக்கின்றன, ஆகவே கையில் எடுக்கக் கூடாது. மரவட்டை கடிக்காது. ஆனால் பக்கவாட்டில் கசியும் திரவம் தோலைப் பழுப்பாக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடு.

கேள்வி: தொல்காப்பியம் நத்தையை ஈரறிவு, எறும்பை மூவறிவு, நண்டையும் தும்பியையும் நான்கறிவு என்கிறது. இது இன்றைய வகைப்பாட்டோடு பொருந்துமா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

ஐயா, அது புலன்களை (தொடுதல், சுவை, மணம், பார்வை, கேட்டல் என்ற வரிசையில்) அளவுகோலாக வைத்த பகுப்பு. இன்றைய வகைப்பாட்டின் அளவுகோல் வம்சாவளி. எனவே ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடியாது. ஆனால் கவனித்துப் பார்த்து எழுதியது என்பதில் ஐயமில்லை. மூவறிவில் எறும்போடு சேர்த்த சிதல், அதாவது கறையான், அதன் வேலையாட்கள் பெரும்பாலும் பார்வையற்றவை. நத்தைக்குக் கண் உண்டு, எறும்புகள் பலவற்றுக்கும் உண்டு, வெட்டுக்கிளியின் அடிவயிற்றின் முதல் கண்டத்தில் செவியே இருக்கிறது. அந்த இடங்களில் நூற்பா பொருந்தாது.

நண்டையும் பறக்கும் பூச்சியையும் ஒன்றாக வைத்தது மட்டும் இன்று பார்க்கவும் சிறப்பு. மரபணு ஆய்வுகளின்படி பூச்சிகள் நண்டு, இறால் குடும்பத்துக்கு உள்ளிருந்தே கிளைத்தவை.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குச் சேகரித்த மண்புழுக்கள் சுருண்டுவிட்டன, கம்பளிப்புழுக்கள் கறுத்துவிட்டன, குத்தி வைத்த வண்டுகளின் கால்கள் உதிர்கின்றன. எங்கே தவறு?
அறிவியல் ஆசிரியர், விழுப்புரம்

மூன்றும் மூன்று தவறுகள்.

மண்புழுவை உயிரோடு ஆல்கஹாலில் போட்டிருக்கிறீர்கள். தசை அதிர்ந்து சுருங்கும், பிறகு நிமிராது. புழுவைக் கழுவி ஓர் இரவு ஈரக் காகிதத்தில் வையுங்கள், குடலில் உள்ள மண் வெளியேறும். மறுநாள் தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு அதில் போட்டு, 70 சதவீத ஆல்கஹாலை ஸ்பூன் ஸ்பூனாகச் சில நிமிட இடைவெளியில் சேருங்கள். தொட்டால் அசையாத நிலை வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிறகு நேராக நீட்டி 80 சதவீதத்தில் ஒரு நாள் படுக்கவைத்து, அதன்பின் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

கம்பளிப்புழு கறுப்பது அதன் உடலிலுள்ள நொதிகளால். கொதி அடங்கிய வெந்நீரில் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை போட்டு எடுத்துவிட்டு ஆல்கஹாலில் போட்டால் நிறம் பெரிதும் நிற்கும். அதிக நேரம் விட்டால் தோல் வெடிக்கும்.

வண்டு காய்ந்த பிறகு குத்தினால் கால் உதிரத்தான் செய்யும். மூடியுள்ள டப்பாவில் ஈர மணலும் அதன்மேல் காகிதமும் போட்டு, பூஞ்சை வராமல் இரண்டு சொட்டு டெட்டால் விட்டு, ஒன்றிரண்டு நாள் உள்ளே வையுங்கள். மூட்டுகள் இளகும். ஊசியை வலது இறக்கை மூடியின் மேற்பகுதியில், நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே வெளிவரும்படி குத்த வேண்டும். நடுவில் குத்தினால் மூடிகள் விரியும். பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் மார்பின் நடுவில். ஊசியின் மேல்பகுதி ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கட்டும். தையல் குண்டூசி துருப்பிடித்து உடலைப் பிளக்கும், துருவேறாத பூச்சி ஊசியே வாங்குங்கள். சிலந்தியைக் குத்தவே கூடாது, வயிறு சுருங்கிவிடும். அதற்கு ஆல்கஹால்தான்.

எத்தனாலுக்கு அனுமதி தேவைப்படுவதால் பள்ளிகளுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் எளிது: 99 சதவீதம் உள்ளது 70 மி.லி., தண்ணீர் 30 மி.லி. உங்களிடம் 95 சதவீத எத்தனால் இருந்தால் 100 மி.லிக்கு 36 மி.லி. தண்ணீர். சானிடைசர் ஜெல் உதவாது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிரியைத் திணிக்காதீர்கள். அதன் உடல்நீர் கலந்து ஆல்கஹால் நீர்த்துப்போகும், எனவே ஒரு நாள் கழித்து ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பல மாதிரிகள் அழுகுவது இந்த ஒரு படியை விட்டுவிடுவதால்தான். நட்சத்திர மீன், நத்தை போன்றவற்றைப் பழைய ஃபார்மலினில் போட்டால் அதன் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மாணவர்கள் கைக்கு ஃபார்மலின் போகவே வேண்டாம்.

லேபிளைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள்: இடம், தேதி, எங்கே கிடைத்தது (வாழைத்தோப்பு, இலைச் சருகடி என்பது போல), எடுத்தவர் பெயர். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரையும். வெளியே ஒட்டிய லேபிள் விழுந்துவிடும். பவளம், கடல் அட்டை இரண்டையும் செத்துக் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

கேள்வி: இலைச் சருகில் உள்ள சிற்றுயிர்களைப் பிடிக்கப் புனல் செய்தோம். மூன்று நாளாகியும் ஒன்றும் விழவில்லை.
கல்லூரி மாணவர்கள், கோயம்புத்தூர்

நீங்கள் அனுப்பிய விவரத்தில் 9 வாட் எல்இடி பல்பு என்று இருக்கிறது. அதுதான் காரணம். இந்தப் புனல் வேலை செய்வது வெளிச்சத்தால் மட்டுமல்ல. மேலிருந்து சூடும் வறட்சியும் இறங்க, உயிரிகள் ஈரத்தைத் தேடிக் கீழே நகர்கின்றன. எல்இடியில் அந்தச் சூடு இல்லை. 25 அல்லது 40 வாட் குண்டு பல்பைச் சருகுக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொங்கவிடுங்கள். 60 வாட்டுக்குப் போகாதீர்கள். மேற்பரப்பு சட்டென்று காய்ந்து, மெதுவாக நகரும் சிலந்திப்பேன்கள் இருந்த இடத்திலேயே செத்துவிடும், தீப்பற்றும் அபாயமும் உண்டு. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் விளக்கே இல்லாமல் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் விடுங்கள், விளைச்சல் குறைந்தாலும் கிடைக்கும்.

2 லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியைக் கவிழ்த்த புனலில், 3 மி.மீ. கண்ணுள்ள வலை. கொசுவலை வேண்டாம், பெரியவை சிக்கிக்கொள்ளும். சருகு 5 முதல் 7 சென்டிமீட்டர், அழுத்தாமல். முதலில் கீழே காகிதம் விரித்துப் புனலைத் தட்டி உதிரும் மண்ணை அகற்றிவிட்டு, அதன் பிறகே ஆல்கஹால் கிண்ணத்தை வையுங்கள்.

விழுந்தவற்றைக் கைலென்ஸில் பார்க்கும்போது காலை எண்ணித் தொடங்குங்கள். எட்டு என்றால் சிலந்திப்பேன், சிலந்தி, அல்லது கொடுக்கு இருந்தும் வால் இல்லாத பொய்த்தேள். பதினான்கு என்றால் ஐசோபாட், நண்டின் நிலத்து உறவு. ஆறு என்றால் உடனே பூச்சி என்று எழுதிவிடாதீர்கள். வயிற்றுக்கடியில் கவைபோன்ற ஓர் உறுப்பு மடங்கியிருந்தால் அது ஸ்பிரிங்டெயில். அந்தக் கவையைத் தரையில் அடித்துத்தான் அது துள்ளுகிறது. அதன் வாயுறுப்புகள் தலைக்குள் ஒரு பைக்குள் ஒளிந்திருக்கும், வயிற்றில் ஆறு கண்டங்களே உண்டு. பூச்சிகளின் அடிப்படை எண்ணிக்கை பதினொன்று. அதனால் பழைய நூல்களில் பூச்சியாக இருந்த இதை இப்போது தனி வகுப்பில் வைக்கிறார்கள். கவை இல்லாத ஸ்பிரிங்டெயிலும் உண்டு என்பதால், சந்தேகம் வந்தால் வயிற்றின் அடியில், முதல் கண்டத்தில் குட்டைக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது எல்லா ஸ்பிரிங்டெயிலிலும் இருக்கும்.

கேள்வி: நட்சத்திர மீனின் ஒரு கையை வெட்டினால் அதிலிருந்து முழு மீன் வளருமா?
வாசகி, தூத்துக்குடி

பெரும்பாலான இனங்களில் வளராது. இழந்த கை மீண்டும் முளைக்கும், ஆனால் வெட்டுண்ட கை பிழைக்க நடுவட்டின் ஒரு பகுதி அதோடு சேர்ந்திருக்க வேண்டும். லிங்கியா என்ற பேரினத்தில் மட்டும் தனிக் கை ஒன்றே நடுவட்டையும் மற்ற கைகளையும் வளர்த்துக்கொள்ளும். ஒரு பெரிய கையும் நான்கு குட்டிக் கைகளுமாக அப்படி வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்று கரையில் கண்ணில் பட்டால், படம் எடுத்துக்கொண்டு நீரிலேயே விட்டுவிடுங்கள்.